வரத்துக்காலைக் காப்பவர் யார்?



தாமல் ஏரியை அறியாதார் காஞ்சி வட்டாரத்தில் இல்லை. வானம் எவ்வளவு பொழிந்தாலும் வரத்துக்கால் தூர்ந்து போனால் ஏரி நிரம்பாது. வழியில் எவனோ ஒருவன் கரையை வெட்டித் தன் கழனிக்குத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டால், கடைமடை காய்ந்துதான் தீரும். உழவர் குடியில் பிறந்த நமக்கு இதனை எவரும் விளக்க வேண்டுவதில்லை. மாநிலத்தின் கருவூலமும் ஓர் ஏரியே. விற்பனை மீதான வரியே அதன் பெரிய வரத்துக்கால். அதைக் காப்பவர் யார்? இந்தக் கேள்வியை நாம் போதிய அளவு கேட்டதில்லை.

இந்த வரிக்கு நாட்டிலேயே வழி காட்டியது நம் மாநிலம். 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. கள்ளுக்கடை வருவாய் நின்றது. அந்த இழப்பை ஈடுசெய்ய 1939இல் சென்னை மாகாணம் பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றியது. 1959இல் புதிய சட்டம் வந்தது. 2007 சனவரியில் மதிப்புக் கூட்டு வரி. 2017 சூலையில் சரக்கு, சேவை வரி. பெயர்கள் மாறின, கொடுப்பவர் மாறினாரா? இல்லை! வருமான வரி கட்டும் அளவுக்கு ஊதியம் காணாத நெசவாளியும், நடவு நட்டுத் திரும்பும் தாயும், சோப்புக் கட்டி வாங்கும்போதெல்லாம் வரி செலுத்துகிறார்கள். ஏழை வரி கட்டுவதில்லை என்று ஏளனம் பேசுவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

"வரி விகிதத்தை விதிக்கும் உரிமைதான் டில்லிக்குப் போய்விட்டதே! இனி மாநில அலுவலரால் ஆவதென்ன?" என்று கேட்பீர்கள். கேள்வியில் நியாயம் உண்டு. சரக்கு, சேவை வரி மன்றத்தில் ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு. ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். மாநிலங்கள் அனைத்தும் ஓரணியில் நின்றாலும், ஒன்றியம் தலையசைக்காவிட்டால் துரும்பும் அசையாது! மன்றத்தின் பரிந்துரைகள் சட்டமன்றங்களைக் கட்டுப்படுத்தா என்று 2022 மே மாதம் உச்சநீதிமன்றம் உரைத்தது. அடுத்த மாதமே, 5 ஆண்டு இழப்பீட்டுக் காலம் முடிந்தது. இந்த உரிமை வழக்கை நாம் விடப்போவதில்லை.

ஆனால் இழந்ததை எண்ணி, இருப்பதைக் கைநழுவ விடலாமா? மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையின் வரியில் சரிபாதி நேரே நம் கருவூலத்துக்கு வருகிறது. ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு உட்பட்ட வணிகர்களில் நூற்றுக்கு 90 பேர் மாநில அலுவலரின் பொறுப்பில் இருக்கிறார்கள். பெட்ரோல், டீசல், மது ஆகியவற்றின் விற்பனை வரி இன்றும் மாநிலத்தின் கையில்தான் இருக்கிறது.

அந்த நாற்காலியின் வலிமையைக் காணுங்கள். கணக்கு எழுதத் தெரியாமல் தவறியவர் ஒரு சிறு கடைக்காரர். சரக்கே நகராமல் போலிப் பட்டியல் எழுதிக் கோடிகளைச் சுருட்டியவர் வேறொருவர். இருவருக்கும் சட்டம் ஒரே தண்டம் விதிக்கவில்லை. எனினும் அறியாமை எது, அயோக்கியத்தனம் எது என்று பிரித்தறிவது, அங்கே அமர்ந்திருக்கும் மனிதரல்லவா? தாமல் வழியே சென்னைக்கும் பெங்களூருவுக்கும் இரவு பகலாய் லாரிகள் ஓடுகின்றன. 2017இல் வரிச் சோதனைச் சாவடிகள் அகன்றன. இன்று அந்தச் சரக்கின் சீட்டைச் சரிபார்ப்பது சுற்றி வரும் அலுவலரின் கண்ணும் நெஞ்சும்தான்.

அந்த இடத்துக்கு நம் சிற்றூர்ப் பிள்ளைகள் செல்லவேண்டும். வழி அடைபட்டிருக்கவில்லை. 1929இலேயே பணித் தேர்வுக்குத் தனி ஆணையம் கண்ட மண் இது. பத்தாம் வகுப்புத் தேறியவர் தொகுதி நான்கின் வழியே இளநிலை உதவியாளராகலாம். பட்டம் பெற்றவர் தொகுதி இரண்டின் வழியே துணை வணிகவரி அலுவலராகலாம். தொகுதி ஒன்றின் வழியே உதவி ஆணையராகலாம். நூற்றுக்கு 69 இடம் ஒடுக்கப்பட்டோர்க்கு, பெண்களுக்கு 30, தமிழ்வழியே பயின்றோர்க்கு 20. போராடிப் பெற்ற இந்த உரிமைகள், விண்ணப்பம் எழுதாதவனுக்கு வெறும் காகிதமே!

எனவே, தோழர்களே, உங்கள் படிப்பகத்தில் நாளேடுகளுக்குப் பக்கத்தில் தேர்வு நூல்களையும் வையுங்கள். கணக்குப் பதிவியல் அறிந்த ஆசிரியர் ஒருவரை மாலைநேரத்தில் அழைத்து வாருங்கள். பெண் பிள்ளையின் தந்தையைக் கண்டு, "இவள் தேர்வு எழுதட்டும்" என்று வாதாடுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கசந்தாலும் கேளுங்கள். நம் மாவட்டத்து உத்தரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் பொறித்த கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுகின்றன. நிலமும் வேதக் கல்வியும் உடையோருக்கே இடம் தந்த முறை அது. உழுதவன் பெயர் அந்தக் குடத்தில் விழவில்லை, பெண்ணின் பெயரும் விழவில்லை. அந்தக் குறையை நாம் மறைக்கமாட்டோம். ஆயினும், பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனுக்கு மட்டுமன்றி, அவன் நெருங்கிய உறவினர்க்கும் அங்கே இடம் மறுக்கப்பட்டது. பொதுப்பணத்தில் உறவு குறுக்கிடலாகாது என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த மண் அறிந்திருந்தது.

நாளை நீங்கள் படிக்க வைத்த பிள்ளை அந்த நாற்காலியில் அமரும்போது, கட்சிக்காரன் என்ற உரிமையில் எவருக்காகவும் அவள் கதவைத் தட்டாதீர்கள். வரி ஏய்த்தவர் நம் கொடியை ஏந்துபவராயினும் பரிந்துரை வேண்டாம். அவர் மறைத்த ஒவ்வொரு ரூபாயும் ஏதோ ஒரு பள்ளிக் குழந்தையின் தட்டிலிருந்து எடுத்த சோறு.

ஒரு பிள்ளையை அந்த நாற்காலிக்கு அனுப்புவது தொண்டு. அனுப்பிய பின் அவளை நேர்மையாக இருக்க விடுவது அதனினும் பெரிய தொண்டு. இரண்டையும் செய்வோம்!