நாலு பக்கக் கடிதம்



சென்ற வாரம் ஒரு டீச்சரிடமிருந்து கடிதம் வந்தது. கோடு போட்ட தாளில், சிவப்பு மையில், நாலு பக்கம். நோட்டு திருத்திக்கொண்டிருந்த பேனாவிலேயே எழுதத் தொடங்கிவிட்டார் போலிருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறார். 14 வருட சர்வீஸ்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து பாடம் வாசித்திருக்கிறாள். அவளுக்குப் பேச்சு திக்கும். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் அதேபோல் திக்கிக் காட்ட, வகுப்பே சிரித்திருக்கிறது. அவனால் வந்த முதல் தொல்லையும் அல்ல இது. பொறுமை இழந்த டீச்சர், "உன்னையெல்லாம் பெத்ததுக்கு உங்கம்மா..." என்று ஆரம்பித்து, அச்சில் ஏற்ற முடியாத ஒன்றைச் சொல்லி முடித்து, அவனை வராந்தாவில் நிற்க வைத்துவிட்டார். மணி அடிக்கும்வரை வகுப்பில் சத்தமே இல்லை. இரவு அவருக்குத் தூக்கமும் இல்லை. "விடுங்க டீச்சர், அவனுக்கு இதெல்லாம் போதாது" என்று ஸ்டாஃப் ரூமில் தேற்றினார்களாம். "நான் செய்தது சரியா சார்?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

டீச்சர், அவனைத் தடுத்தது சரிதான். அந்த நிமிடத்தில் நீங்கள் பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு அந்த வகுப்பில் யாருமே இல்லை என்று ஆகியிருக்கும். உங்களைத் தூங்கவிடாதது நீங்கள் அவனைத் தடுத்தது அல்ல, அவன் அம்மாவை இழுத்த அந்த ஒரு வாக்கியம்தான் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதிகளைத் திருத்திப் பிரம்படியை விலக்கிவிட்டோம். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, அடிப்பதோடு மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. மட்டம் தட்டுவதும், வீட்டை, பெற்றோரின் தொழிலை, சாதியைச் சொல்லிக் கேலி செய்வதும் அதில் அடங்கும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் விளக்கியும் இருக்கிறது. கையிலிருந்த பிரம்பைக் கீழே போட்டுவிட்டோம். நாக்கில் இருப்பதை இன்னும் போடவில்லை.

கடிதத்தில் இன்னொன்றும் என்னை யோசிக்க வைத்தது. மறுநாள் டீச்சர் அவன் வீட்டு நிலைமையை விசாரித்திருக்கிறார். அப்பா குடிக்கிறாரா, பையன் ராத்திரி வேலைக்குப் போகிறானா என்று. அப்படி எதுவும் இல்லை. கடை வைத்திருக்கும் அப்பா, அன்பான அம்மா, மூன்று வேளைச் சாப்பாடு. "காரணம் கிடைத்திருந்தால் அவனிடம் போய்ப் பேசியிருப்பேன்" என்று எழுதுகிறார்.

நம்மில் பலர் இப்படித்தான். இரா. நடராசனின் 'ஆயிஷா' கதையைப் படித்துக் கலங்காத ஆசிரியர் குறைவு. அதைக் குற்ற உணர்வோடு சொல்வதும் ஓர் ஆசிரியைதான். ஆனால் ஆயிஷா அறிவுள்ள பெண், கேள்வி கேட்ட ஒரே தப்புக்கு அடிவாங்கியவள். அவளுக்காக மனம் தானாகவே இளகும். இந்தப் பையன் ஆயிஷா இல்லை. வெறும் சேட்டைக்காரன், அன்றைக்குக் கொடுமைக்காரனும்கூட. அதனால் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்றாகிவிடுமா? வருத்தம் தெரிவிக்க அவன் பக்கம் ஒரு சோகக் கதை எதற்கு? நம் பக்கம் ஒரு தப்பு இருந்தால் போதாதா?

நானும் சில வருடங்கள் வகுப்பில் நின்றவன். பாடம் நடக்கும்போது பேசினான் என்று ஒருவனை வெளியே அனுப்பினேன். அன்று சாயங்காலம் நோட்டு திருத்தும்போது அவன் நோட்டும் வந்தது. பாதிப் பக்கம் வரை எழுத்து நேராக இருந்தது. அதற்குக் கீழே ஒவ்வொரு எழுத்தும் நடுங்கியிருந்தது. தாளின் பின்புறம் சுண்ணாம்பு அப்பியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றபடி, நோட்டைச் சுவரில் அழுத்தி வைத்துக்கொண்டு, நான் நடத்தியதை எழுதியிருக்கிறான். 'சரி' போட்டேன், கையெழுத்தும் போட்டேன். மறுநாள் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை. அடுத்த வருடம் அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான்.

உங்கள் பையன் இன்னும் அதே பெஞ்சில்தான் இருக்கிறான், டீச்சர். அம்மாவைப் பற்றிய அந்த வார்த்தையை எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதையும் எல்லார் முன்னாலும் செய்யுங்கள். "நீ செய்தது தப்பு, அதற்காக நான் சொன்னதும் தப்பு" என்று சொன்னால் போதும். மரியாதை போய்விடும் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் பெண்ணிடம் அவன் கேட்க வேண்டிய மன்னிப்பு தனியாக இருக்கிறது. அதையும் விட்டுவிடாதீர்கள்.

ஒன்றைக் கேட்க வேண்டும். நாலு பக்கமும் அவனைப் பற்றியும் உங்களைப் பற்றியும்தான் இருக்கிறது. அந்தப் பெண்ணைப் பற்றி இரண்டே வரி. அவள் அதற்குப் பிறகு வகுப்பில் எழுந்து வாசித்தாளா? அடுத்த கடிதத்தில் அவளைப் பற்றி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்