கை தூக்கக் கூச்சமா? ஒரு ஆச்சரியக்குறி போதும்!



டி.வி.யில் கேஸட் சொருகி மரியோ, கான்ட்ரா ஆடினது ஞாபகம் இருக்கா? பந்தல்குடி மாதிரி ஊர்ல, தெருவுல ஒரு வீட்ல அந்தப் பெட்டி இருந்தாப் போதும்... லீவு நாள் முழுக்க எல்லாரும் அங்கதான்! அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை, 1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் மெஷினோட நகல்கள். அந்தப் பழைய மெஷினுக்கு இன்னிக்கும் பொழுதுபோக்காகப் புது கேம் எழுதுறவங்க உலகம் முழுக்க இருக்காங்க. அவங்க கூடிப் பேசுற சாட் சேனலில் நீங்களும் சேரலாம்.

‘அரதப் பழசு, இதுல என்ன கத்துக்கிறது?’ன்னு நினைக்காதீங்க. அந்த மெஷினோட ராம் வெறும் 2 கே.பி.! 1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமும் 40 கே.பி.தான். உங்க செல்லுல எடுக்கிற ஒரு போட்டோ அதைவிடப் பல மடங்கு பெருசு. எதிரிங்க கூட்டமா வந்தா உருவங்கள் மினுக் மினுக்னு மறையுமே, ஏன் தெரியுமா? திரையில் ஒரே கோட்டில் 8 ஸ்ப்ரைட்டுக்கு மேல அந்த மெஷினால் வரைய முடியாது. அதனால முறை வச்சு மாத்தி மாத்திக் காட்டுவாங்க. செமஸ்டருக்கு மைக்ரோபிராசஸரை மனப்பாடம் பண்றவங்களுக்கு இதெல்லாம் கண்ணால பார்த்துப் படிக்கிற பாடம்.

இந்த மாதிரி குழுக்கள் ரொம்ப நாளா கூடுற இடம் ஐ.ஆர்.சி. 1988-ல் பின்லாந்தில் யார்க்கோ ஓய்க்கரினென் உருவாக்கியது. வெறும் எழுத்து மட்டும்தான் என்பதால் சிக்னல் ஒரு கோடு இருந்தாலே ஓடும். டிஸ்கார்டிலும் இப்போ நிறைய குழுக்கள் இருக்கு.

‘எனக்கு இங்கிலீஷ் தகராறு’ன்னு தயங்குறீங்களா? மேற்கு வங்கத்தில் துர்காபூர் லினக்ஸ் குழு, குஷால் தாஸ் முயற்சியில் 2008-ல் ஒரு கோடைப் பயிற்சி ஆரம்பிச்சது. வகுப்பு முழுக்க ஐ.ஆர்.சி.யில்தான்! கேள்வி இருந்தா, கை தூக்குறதுக்குப் பதிலா ஒரு ஆச்சரியக்குறி டைப் பண்ணணும். முறை வந்ததும் கேட்கலாம். வகுப்புல வாயே திறக்காத கடைசி பெஞ்ச் ஆளுக்கு இது எவ்வளவு பெரிய வாசல்! உச்சரிப்பு யாருக்கும் கேட்காது. நிதானமா எழுதி, ஒரு தடவை படிச்சுப் பார்த்து அனுப்பலாம். ஒரு புனைபெயர் போதும். எந்த காலேஜ், எத்தனை மார்க், என்ன ஆளுங்கன்னு யாரும் விசாரிக்கப் போறதில்லை.

சேர்ந்ததும் சில நாள் மத்தவங்க பேசுறதைப் படிங்க. ‘ஒரு டவுட் கேட்கலாமா?’ன்னு அனுமதி கேட்டு நிற்காம நேரா கேளுங்க. என்ன செஞ்சீங்க, என்ன எதிர்பார்த்தீங்க, என்ன வந்துச்சு... இந்த மூணும் கேள்வியில் இருக்கணும். ‘யு’, ‘ஆர்’னு எஸ்.எம்.எஸ். இங்கிலீஷ் வேண்டாம். திருட்டு கேம் காப்பி கேட்காதீங்க. போன் நம்பர், அட்ரஸ் எதையும் கொடுக்காதீங்க.

முக்கியமானது, பொறுமை. நமக்குக் காலை 6 மணின்னா நியூயார்க்கில் முந்தின நாள் ராத்திரி. பதில் சொல்லத் தெரிஞ்சவர் தூங்கிக்கிட்டு இருக்கலாம். கேட்டுட்டு அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடாதீங்க. மானாவாரியா விதைச்சுட்டு வானத்தைப் பார்த்து உட்காரத் தெரிஞ்ச ஊர் நம்ம ஊர். ஒரு பதிலுக்கு மூணு மணி நேரம் காத்திருக்க மாட்டோமா?

பதில் கிடைச்சதோட காணாமப் போயிடாதீங்க. நாளைக்கு இன்னொருத்தர் அதே கேள்வியோட தயங்கித் தயங்கி வருவார். அப்போ பதில் சொல்ல நீங்க அங்க இருக்கணும்.