பதிவுக் குரலுக்குப் பதில் சொல்லும் அம்மா

ஆசிரியருக்கு,

தானியங்கித் தொல்லை அழைப்புகள் பற்றிய தங்கள் கட்டுரையில் சொன்னதெல்லாம் உண்மை. சட்டம் இல்லாமல் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-லேயே விதிமுறை வகுத்துவிட்டது; விளம்பர அழைப்புக்கென்றே 140 என்று தொடங்கும் எண்களும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் எங்கள் வீட்டுக்கு வருவதெல்லாம் சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்துதான்.

என் அம்மாவுக்கு வயது 76, மூட்டுவலி. மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து போனை எடுத்தால், கடன் தருவதாக ஒரு பதிவுக் குரல். அது இயந்திரம் என்று தெரியாமல், “யாரு சாமி பேசறது? சத்தமா சொல்லு” என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

டிராய் விதிமுறையின் 2025 பிப்ரவரித் திருத்தத்தில் புகார் தரும் அவகாசத்தை 3 நாளிலிருந்து 7 நாளாக உயர்த்தியது நல்லதுதான். ஆனால் 1909 என்ற புகார் எண்ணுக்குப் புகார் செய்ய எண், தேதி, விவரம் எல்லாம் வேண்டும். பட்டன் போன் வைத்திருக்கும் முதியவருக்கு இது ஆகிற காரியமா? அழைப்பு முடிந்ததும் ஒரே பொத்தானை அழுத்தினால் புகார் பதிவாகும்படி தொலைபேசி நிறுவனங்களே வழி செய்ய வேண்டும். அழைத்த எண்ணும் நேரமும் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றனவே!

இப்படிக்கு,
ஒரு வாசகி, திண்டுக்கல்