மீனின் பசியறிந்து தீனியிடுக

தீனியிட்டு மீன் வளர்ப்போரின் செலவிற் பெரும்பங்கு அத்தீனிக்கே போகின்றது. அதனை மீனின் பசிக்கேற்ப இடாது பழக்கத்திற்கேற்ப இடுவது, பணத்தை நீரிற் கரைப்பதேயாகும்.

மீனின் பசியை ஆள்வது வயிறு மட்டுமன்று, மூளையும் ஓமோன்களுமே. 1999 ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் கண்டறிந்த கிரெலின், இரைப்பையிற் சுரந்து திலாப்பியாவின் பசியைத் தூண்டுகின்றது. லெப்ரின் எனும் ஓமோன் பசியைத் தணிக்கின்றது. மனிதரிற் கொழுப்பிழையத்திற் பிறக்கும் இது, மீனிற் பெரும்பாலும் ஈரலிற் பிறக்கின்றது. நெருக்கம், ஒட்சிசன் குறைவு, அடிக்கடி வலையிடுதல் ஆகியவற்றாற் கோட்டிசோல் பெருகினால் பசி அடங்கும். உடலின் சக்தி வளர்ச்சிக்கன்றிப் பிழைத்திருப்பதற்கே செலவாகும். அவ்வேளை இட்ட தீனி அழுகி, ஒட்சிசனை மேலுங் குறைக்கும். நட்டம் இரட்டிப்பாகும்.

1952 ஆம் ஆண்டு இலங்கைக்குக் கொணரப்பட்ட திலாப்பியா, நம் குளங்களில் தானே இரைதேடிப் பெருகியது. தொட்டியிலும் கூண்டிலும் அடைபட்ட மீனுக்கு அவ்வுரிமை இல்லை. அதன் பசியை அறிவது வளர்ப்போர் கடன்.

இதற்கு ஊசியும் மருந்தும் வேண்டா. விடியலில் நீர்மேல் வாய்பிளக்கும் மீன் கேட்பது தீனியையன்று, ஒட்சிசனையே என உணர்க. சிறிது சிறிதாக இட்டு, உண்ணும் வேகத்தைக் கவனிக்க. இடமாற்றிய மீனுக்குப் பசி திரும்பும்வரை பொறுக்க.

ஆய்வுகூடம் அறிந்த இவ்வுண்மைகள் ஏட்டிலேயே உறங்குதல் தகாது. அவற்றைக் குளக்கரைக்குக் கொண்டுசெல்லுமாறு கற்றோரை வேண்டுகின்றோம். கேட்டுப் பெறுமாறு விவசாயிகளையும் வேண்டுகின்றோம்.