லினக்ஸுக்கு மாறலாமா? முதலில் ஃபாண்டைப் பாருங்கள்!

விண்டோஸா லினக்ஸா என்பது ரஜினியா கமலா மாதிரியான சண்டை. கமல் பிறந்த பரமக்குடியிலேயே ரஜினி ரசிகர்கள் இருக்கிறார்கள். பேசிப் பேசி யாரும் யாரையும் மாற்றியதில்லை. "வைரஸ் தொல்லை இல்லை, காசும் இல்லை" என்பார் ஒருவர். "அதில் ஒன்றும் ஓடாதே" என்பார் இன்னொருவர். இருவருமே மெஷினைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதன் முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவரை இருவருமே மறந்துவிடுகிறார்கள்.

இது வெறும் அரட்டை என்று ஒதுக்கவும் முடியாது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கு, தனியாகப் பதிந்துகொண்டால் மட்டும் ஒரு வருட நீட்டிப்பு. சரி, விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அது கிடையாது. பரமக்குடி மாதிரி ஊர்களில் ஜெராக்ஸ் கடையில்தான் பலரும் ஆதார் எண்ணையும் பேங்க் கணக்கு எண்ணையும் கொடுத்து விண்ணப்பம் போடுகிறார்கள். பாதுகாப்பு அப்டேட் வராத மெஷினால் கடைக்காரருக்கு மட்டுமல்ல, வரிசையில் நிற்பவருக்கும் ஆபத்துதான்.

அப்படியானால் லினக்ஸைப் போட்டுவிட வேண்டியதுதானே? இலவசம், பழைய மெஷினிலும் ஓடும். ஆனால் ஒரு டிடிபி கடையை நினைத்துப் பாருங்கள். பல வருடத்துக் கல்யாணப் பத்திரிகைகளும் வினாத்தாள்களும் பேஜ்மேக்கரில், பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. யூனிகோடு இல்லாத எழுத்துருக்கள் அவை. அந்த ஃபாண்ட் இல்லாத மெஷினில் திறந்தால் தமிழுக்குப் பதில் வெறும் கிறுக்கல்தான் தெரியும். ஃபாண்டைக் காப்பி செய்துகொள்ளலாம். ஆனால் பேஜ்மேக்கர் லினக்ஸில் நேரடியாக ஓடாது. யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தமிழக அரசு தரமாக அறிவித்தது 2010-ல். அறிவிப்பு வந்ததும் பழைய ஃபைல்கள் தானாக மாறிவிடவில்லையே! கடைக்காரரைக் கட்டிப்போட்டிருப்பது விண்டோஸ் மீதான காதல் அல்ல, இந்த ஃபைல்கள்தான்.

தமிழ்நாட்டில் மாற்றத்துக்கு முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2007 வாக்கில் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் அந்த நிறுவனத்தின் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னை சிடாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் வந்தது. 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று அரசே சொன்னது. லேப்டாப்பைத் திறந்ததும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், சொல்லித்தர ஆள் இல்லாத பையன் எதைத் தேர்ந்தெடுப்பான்? பக்கத்து வீட்டு அண்ணனுக்குத் தெரிந்ததைத்தான்.

கேரளாவில் வேறு மாதிரி செய்தார்கள். 2001-ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. பாடப்புத்தகம், லேப், செய்முறைத் தேர்வு எல்லாம் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு வந்தன. சந்தேகம் வந்தால் கேட்க ஒரு டீச்சர் இருந்தார். அங்கே லினக்ஸ் நிலைத்ததற்கு அதன் தொழில்நுட்பத்தைவிட இந்த ஏற்பாடுதான் பெரிய காரணம்.

எனவே எது சிறந்தது என்று கேட்பதற்கு முன், மாறுகிறவருக்கு யார் துணை என்று கேட்க வேண்டும். லினக்ஸைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், ஹார்ட் டிஸ்கில் எதையும் அழிக்க வேண்டாம். பிரிண்டரும் ஸ்கேனரும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே தெரிந்துவிடும். பழைய ஃபைல்களில் உள்ள எழுத்தை யூனிகோடுக்கு மாற்றக் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு பிழை பார்க்கத்தான் பொறுமை வேண்டும். பேஜ்மேக்கர் இல்லாமல் முடியவே முடியாது என்பவர் அந்த ஒரு மெஷினை இன்டர்நெட் இல்லாமல் வைத்துக்கொண்டு, விண்ணப்பம் போடும் மெஷினை மட்டுமாவது மாற்றலாம்.

இதையெல்லாம் கடைக்காரர் தனியாகச் செய்ய மாட்டார், செய்ய நேரமும் இருக்காது. பரமக்குடியில் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கடை என்று எடுத்துக்கொண்டு, ஒரு மாதம் கூடவே இருந்து மாற்றிக் கொடுத்தால் நடக்கும். லினக்ஸை விரும்புகிறவர்கள் வாதத்தில் ஜெயிக்கச் செலவழிக்கும் நேரத்தில் பாதி அதற்குப் போதும்.