மைலோ டின்னில் ஒரு பாடம்

ஊசித்துளை கேமரா என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது ஒரு வரைபடம். இடப்பக்கம் மெழுகுவத்தி, நடுவில் துளையிட்ட பெட்டி, ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இரண்டு கோடுகள், வலப்பக்கம் தலைகீழாக இன்னொரு மெழுகுவத்தி. ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பதற்குச் சான்றாக அதை வரைந்து, அம்புக்குறி போட்டு, மதிப்பெண் வாங்கிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அந்தப் பெட்டியை உண்மையிலேயே செய்து, அதற்குள் ஒரு தாளை வைத்து, கையில் பிடித்துப் பார்க்கும் படமாக அச்சிட்டவர்கள் மிகச் சிலரே.

இது ஒரு குறை என்பது என் கருத்து. பழைய பொழுதுபோக்கு ஒன்று மறைகிறதே என்ற ஏக்கத்தில் இதைச் சொல்லவில்லை. படங்களை நம்புவதா சந்தேகிப்பதா என்று முடிவு செய்வது இன்று நம் அன்றாட வேலையாகிவிட்டது. அப்படிப்பட்ட நமக்கு, ஒரு படம் எப்படி உண்டாகிறது என்பதை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறையாவது கையால் செய்து பார்த்த அனுபவம் வேண்டும். பல்கலைக்கழகப் புகைப்பட மன்ற நண்பர்களுடன் சென்ற ஆண்டு விடுமுறையில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 12 பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். அங்கே கண்டதை வைத்தே பேசுகிறேன்.

துளை வழியே உண்டாகும் படத்தை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கவும் கூடும். 2019 டிசம்பர் 26ஆம் தேதி வளைய சூரிய கிரகணம் சிங்கப்பூரில் தெரிந்தது. கோயம்புத்தூர், திண்டுக்கல், யாழ்ப்பாணம் வழியாக வந்த அதே நிழல் பிற்பகல் ஒன்றேகால் மணிக்கு மேல் நம்மைக் கடந்தது. சிறப்புக் கண்ணாடியுடன் அண்ணாந்து பார்த்தவர்கள் பலர். மரத்தடியில் குனிந்து பார்த்தவர்களுக்கோ தரையெங்கும் குட்டிக் குட்டிப் பிறைகள். இலைகளுக்கு நடுவே உள்ள ஒவ்வோர் இடைவெளியும் ஓர் ஊசித்துளை. கிரகண நேரத்தில் துளை வழியே விழும் இந்தப் பிறை வடிவத்தை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் ஆராய்ந்து எழுதிவிட்டார்.

கேமரா செய்ய எங்களுக்குத் தேவைப்பட்டது காலி மைலோ டின். உள்ளே மங்கலான கறுப்புச் சாயம் அடித்து, பக்கவாட்டில் ஒரு சிறு சதுரம் வெட்டி, அதன்மேல் குளிர்பான டின்னிலிருந்து கத்தரித்த மெல்லிய அலுமினியத் துண்டை ஒட்ட வேண்டும். துளை அந்தத் துண்டில்தான். பெரிதாகப் போட்டால் படம் மங்கும். மிகச் சிறிதாகப் போட்டாலும் ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால் மங்கும். துளைக்கும் தாளுக்கும் இடையே 10 சென்டிமீட்டர் இருந்தால் 0.4 மில்லிமீட்டருக்குச் சற்று மேலான துளை பொருத்தம். எண் 10 தையல் ஊசியின் பருமன் கிட்டத்தட்ட அதுவே. ஊசியால் குத்தி, பின்பக்கப் பிசிறை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் போதும். கறுப்பு டேப் ஒரு துண்டு, துளையைத் திறக்கவும் மூடவும்.

உள்ளே ஃபிலிம் இல்லை. கறுப்பு வெள்ளைப் புகைப்படம் அச்சிடும் தாளையே வைக்கிறோம். வேதியியல் வகுப்பில் சில்வர் நைட்ரேட் சேர்த்து, வெள்ளை வீழ்படிவு வந்தால் ‘குளோரைடு’ என்று எழுதுகிறோம் அல்லவா? சோதனைக் குழாயை வெளிச்சத்தில் விட்டுவைத்தால் அந்த வெள்ளை மெல்லக் கறுக்கும். புகைப்படத் தாளில் பூசியிருப்பது அதன் உறவுக்கார உப்புகள்தான், பெரும்பாலும் சில்வர் புரோமைடு. தாளின் உணர்திறன் குறைவு. அதனால் நல்ல வெயிலில் ஏறக்குறைய ஒரு நிமிடம், மேகமூட்டத்தில் நான்கைந்து நிமிடம் துளையைத் திறந்து வைக்க வேண்டும். இந்த நேரத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவன் “தாள் வெளிச்சம் குடிக்கிற நேரம்” என்றான். அன்று முழுக்க நாங்கள் அதையே பயன்படுத்தினோம்.

இருட்டறைக்கு நாங்கள் குளியலறையைப் பயன்படுத்தினோம். புதிய வீவக வீடுகளில் ‘பாம் ஷெல்டர்’ என்று நாம் சொல்லும் சன்னலில்லா அறை இன்னும் வசதி, அரிசி மூட்டையையும் பழைய பெட்டிகளையும் வெளியே எடுக்க அம்மா சம்மதித்தால். சிவப்பு விளக்கின் கீழ் மூன்று தட்டுகள்: டெவலப்பர், அதை நிறுத்தும் மென்அமிலம், பிறகு ஹைப்போ. டெவலப்பர் 20 டிகிரியில் இருப்பது நல்லது. நம் குழாய்த் தண்ணீர் அதைவிடச் சூடு என்பதால் பையில் கட்டிய ஐஸ் கட்டியை மிதக்கவிட்டோம். வெறும் வெள்ளைத் தாளில் முதலில் வானம் கறுப்பாக எழும்பும், பிறகு கட்டடத்தின் விளிம்பு, பிறகு சன்னல்கள். அந்த நிமிடத்தில் 12 பேரில் ஒருவர்கூடப் பேசவில்லை.

(இன்ஸ்டன்ட் காப்பித்தூள், சலவை சோடா, வைட்டமின் சி மூன்றையும் கலந்தும் டெவலப்பர் செய்யலாம். காப்பியில் டெவலப்பர் செய்யும் முறை 1995இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கழக வகுப்பு ஒன்றில் பிறந்தது; வைட்டமின் சி பிறகு சேர்ந்தது. வேலை செய்வது காப்பியில் உள்ள கஃபெயிக் அமிலம், கஃபீன் அன்று. படம் வரும், நாற்றமும் வரும்.)

கிடைப்பது எதிர்ப்படம். வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் இருக்கும். புளோக் எண் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கும். அதைப் புதிய தாள் ஒன்றின்மேல் முகத்தோடு முகம் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, சில விநாடி விளக்கைப் போட்டால் நேர்ப்படம். 1830களில் இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்பட் தொடங்கிவைத்த வழி இது. சிறு மரப்பெட்டிகளை அவர் வீட்டைச் சுற்றி வைத்ததைப் பார்த்து அவர் மனைவி அவற்றை எலிப்பொறி என்று அழைத்தாராம்.

செய்முறை இவ்வளவுதான். நான் சொல்ல வந்தது, அந்தப் படங்கள் எழுப்பிய கேள்விகளைப் பற்றி.

ஞாயிறு பிற்பகல் லிட்டில் இந்தியாவில் ஒரு மாணவன் எடுத்த படத்தில் சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது. தெரியாதவரிடம் காட்டினால் 2020இன் கொவிட்-19 முடக்கக் காலப் படம் என்பார். உண்மையில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். மூன்று நிமிடத்தில் நடந்து கடந்தவர் எவரும் தாளில் பதியவில்லை. நடைபாதை ஓரத்தில் கைப்பேசியைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்த ஒரு வெளிநாட்டு ஊழியர் மட்டும் செருப்பு உட்படத் தெளிவாக இருக்கிறார். 1838இல் பாரிஸ் தெரு ஒன்றை டாகேர் எடுத்த புகழ்பெற்ற படத்திலும் இதே கதைதான். காலணிக்கு மெருகு போட நின்ற மனிதர் மிஞ்சினார், போக்குவரத்து மறைந்தது. இந்தப் படத்தில் யாரும் எதையும் அழிக்கவில்லை, சேர்க்கவில்லை. ஆனாலும் அது காட்டும் தெரு அன்று இல்லாத தெரு.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு படம். உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவி ஒருவர் தம் பாட்டியை அழைத்து வந்திருந்தார். வெற்றுத்தளத்தின் ஓரத்தில், நாற்காலியில், பாட்டி நான்கு நிமிடம் அசையாமல் உட்கார்ந்தார். மனத்துக்குள் சாமிப் பாட்டு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார். அச்சிட்ட படத்தில் முகம் கிட்டத்தட்டக் கரி; புடவையின் குங்கும நிறமும் கரி.

“அக்கா, எங்க பாட்டி இவ்ளோ கறுப்பு இல்லையே.”

பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, “கருவாடு மாதிரி இருக்கேன்” என்று சிரித்தார். பேத்திக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் தாளில் இருந்தது. இந்தத் தாள் நீல ஒளியை நன்றாக உணரும். சிவப்பை உணரவே உணராது. அதனால்தான் சிவப்பு விளக்கின் கீழ் அதைக் கையாள முடிகிறது. பழுப்புத் தோல் சிவப்பையே அதிகம் திருப்பி அனுப்புகிறது, நீலத்தைக் குறைவாக. கண் பார்ப்பதைவிடத் தாள் நம்மைக் கறுப்பாகப் பார்க்கிறது. இருட்டறை வசதிக்காகச் செய்த ஒரு தேர்வு பாட்டியின் முகத்தில் போய் விடிகிறது.

இதைச் சொன்னதும் அந்த மாணவி கேட்ட கேள்வி: “அப்போ மாத்தலாமா?” மாற்றலாம். தாளை டின்னில் வைப்பதற்கு முன்பே இருட்டறையில் மிக மங்கிய வெளிச்சத்தை ஒரு கணம் காட்டினால், நிழல் பகுதிகளுக்கு ஒரு முன்தொடக்கம் கிடைக்கும். பிறகு நான்குக்குப் பதில் எட்டு நிமிடம் திறந்து வைத்தார். இரண்டாவது படத்தில் பாட்டியின் கன்னச் சுருக்கங்கள் வந்தன, மூக்குத்தி வந்தது. பின்னாலிருந்த சுவர் வெளுத்துக் காணாமல் போனது; எட்டு நிமிடம் தாங்காத கைகள் புகைபோல் கலைந்தன. முகம் வேண்டும் என்றால் சுவரை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை 15 வயதில் அவரே முடிவு செய்தார்.

தாளின் இந்தக் குணம் நம் வரலாற்றிலும் இருக்கிறது. சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்தது காகித எதிர்ப்படங்களில்தான். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 அச்சுகளாக எடுத்து, ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளச் சுருளாக்கினார். வியக்கவேண்டிய உழைப்பு. அவர் காலத்துத் தாளும் நீலத்துக்கே அதிகம் மயங்கும் என்பதால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அவர் சில எதிர்ப்படங்களில் தூரிகையால் மேகம் வரைந்தார். ஆவணம் என்று நாம் போற்றும் படங்களில்கூட ஒரு கை வேலை செய்திருக்கிறது. அதற்காக அவற்றைப் பொய் என்று ஒதுக்குவது அபத்தம். கல்வெட்டு எழுத்துகள் கல்லில் உள்ளபடியே இருக்கின்றன. எது கல், எது மேகம் என்று கேட்கத் தெரிய வேண்டும், அவ்வளவே.

நம் திறன்பேசி ஒரு தொடுகையில் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி, முகத்தைத் தேடி, வெளிச்சம் கூட்டித் தருகிறது. அதிலும் பாட்டியின் முகம் எந்த நிறத்தில் வரவேண்டும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவு நமக்குத் தெரிவதில்லை. வண்ண ஃபிலிம் காலத்தில் பல பத்தாண்டுகளாக, அச்சகங்கள் நிறத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்திய கோடக் ஒப்பீட்டு அட்டையில் வெள்ளையினப் பெண்ணின் முகமே இருந்தது. மற்ற முகங்களுக்கு வெகுகாலம் கழித்தே இடம் கிடைத்தது.

செயற்கை நுண்ணறிவுப் படங்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பள்ளிகளில் உரைகள் நடக்கின்றன. விரல்களை எண்ணுங்கள், நிழலைப் பாருங்கள் என்கிறார்கள். இந்தக் குறிப்புகள் வேகமாகக் காலாவதியாகின்றன. ஆறு விரல் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தே விட்டது. இதில் யார் என்ன தேர்வு செய்தார்கள், எதை விட்டார்கள் என்று கேட்கும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் பழசாகாது. ஒரு முகத்துக்காகச் சுவரை விட்டுக்கொடுத்தவருக்கு அந்தக் கேள்வியை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

தடைகள் உண்டு. ஒரே பாட வேளையில் இது முடியாது. குறைந்தது அரை நாள் வேண்டும். ரசாயனத்துக்குக் கையுறை, காற்றோட்டம், சமையலறைக்குத் திரும்பிப் போகாத தட்டுகள் தேவை. பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும் என்பதால் அதைத் தொட்டியில் ஊற்றாமல், ஆய்வகக் கழிவோடு சேர்க்க வேண்டும். பள்ளி ஆய்வகங்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. செலவும் மிரட்டுவதாக இல்லை: 8க்கு 10 அங்குலத் தாள் 25 கொண்ட பெட்டி ஒன்றை நான்காக வெட்டினால் 100 படத்துக்கு வரும். காணொளி காட்டினால் போதாதா என்று ஓர் ஆசிரியர் கேட்டார். நீச்சலுக்கு அது போதுமென்றால் இதற்கும் போதும்.

இன்னொன்று. கறுப்பு டேப் சுற்றிய டின்னைப் பொது இடத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். 2016இல் அட்லாண்டா நகரில் மாணவர்களின் ஊசித்துளை கேமரா ஒன்றை வெடிகுண்டு என்று எண்ணி நெடுஞ்சாலையையே மூடினார்கள். பக்கத்திலேயே இருங்கள், டின்மேல் ‘கேமரா’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

அறிவியல் மன்றமும் தமிழ்மொழி மன்றமும் சேர்ந்து செய்ய இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை. டிசம்பர் விடுமுறையில் மழை கெடுக்கும்; மார்ச் விடுமுறை சரியாக இருக்கும். ஏப்ரல் கடைசி ஞாயிறு அனைத்துலக ஊசித்துளைப் புகைப்பட நாள். 2001 முதல் நடக்கிறது. அன்று எடுத்த ஒரு படத்தை உலகின் எந்த மூலையிலிருந்தும் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். அதற்குள் ஒரு மைலோ டின்னைக் காலி செய்துவிட முடியும்.