கரண்ட் வைத்தால் வலி போகுமா? டென்ஸ் கருவி பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

"பத்து நாள் கரண்ட் வைங்க, சரியாகிடும்." முதுகுவலி, மூட்டுவலி என்று பிசியோதெரபிக்குப் போன பலருக்கு இது பழகிய வசனம். இப்போது அதே கருவியை ஆன்லைனில் வாங்கி வீட்டிலேயே ஒட்டிக்கொள்கிறார்கள். ஆனால் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு இதை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அப்போ இதுவரை வைத்த கரண்ட் எல்லாம் வீணா?

டென்ஸ் என்றால் என்ன?

தோலில் ஒட்டும் பேட்கள் வழியாக நரம்புகளுக்கு மெல்லிய மின்துடிப்புகளை அனுப்பும் சின்ன பேட்டரி கருவி. கிளினிக்கில் வைக்கும் ஐ.எஃப்.டி.யும் இதே குடும்பம்தான்.

எப்படி வேலை செய்கிறது?

முட்டியில் இடித்துக்கொண்டால் உடனே தேய்த்துவிடுகிறோம் இல்லையா? அதே கணக்குதான். தொடுதலை உணர்த்தும் நரம்புகள் தூண்டப்பட்டால், தண்டுவடத்தில் ஒரு 'கதவு' மூடி வலிச் செய்தி மூளைக்குப் போவதைக் குறைக்கிறது. 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் முன்வைத்த கோட்பாடு இது. உடலே சுரக்கும் வலிநிவாரணிகளையும் இந்த மின்துடிப்பு தூண்டுகிறது.

பிறகு ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

2022-ல் 381 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கருவி ஓடும்போதும் நிறுத்திய உடனேயும் வலி குறைவது தெரிந்தது. அதாவது, உங்களுக்குக் கிடைத்த நிம்மதி பொய்யில்லை. ஆனால் அது நீடிக்கிறதா, நடக்கவும் வேலை செய்யவும் உதவுகிறதா என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. பல ஆய்வுகள் சிறியவை. போலிக் கருவி கொடுத்து ஒப்பிடுவதும் கஷ்டம். சுருக்கென்று உணர்வு வராவிட்டால் நோயாளிக்கே தெரிந்துவிடும்.

அதனால்தான் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கான டென்ஸ் செலவை, ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தவிர, ஏற்பதில்லை என அமெரிக்காவின் மெடிகேர் 2012-ல் முடிவு செய்தது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-ல் கீழ்முதுகு வலிக்கும், 2022-ல் மூட்டுத் தேய்மானத்துக்கும் வேண்டாம் என்றது.

அப்போ வைக்கவே கூடாதா?

அப்படியில்லை. சரியாகப் பயன்படுத்தினால் பெரிய பக்கவிளைவு கிடையாது. பேட் ஒட்டிய இடத்தில் அரிப்பு, சிவப்பு வரலாம். பிரச்சினை, இது மட்டுமே சிகிச்சை என்று இருந்துவிடுவதுதான். படுத்துக்கொண்டு கரண்ட் வாங்கிவிட்டு, பிசியோ சொல்லிக்கொடுத்த உடற்பயிற்சியை விட்டுவிட்டால் பணமும் நாளும்தான் போகும். வலி குறைந்திருக்கும் அந்த நேரத்தை நடக்க, பயிற்சி செய்யப் பயன்படுத்துவதே லாபம். நாள்பட்ட முதுகுவலிக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பவற்றில் உடற்பயிற்சியும் உண்டு.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது. கழுத்தின் முன்பகுதி, நெஞ்சு, புண், உணர்ச்சியற்ற தோல் ஆகிய இடங்களில் பேட் ஒட்டக் கூடாது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் இதை மறக்க வேண்டாம்.

முதுகுவலியோடு கால் பலவீனம், காய்ச்சல், சிறுநீர் கட்டுப்பாடின்மை இருந்தாலோ, நெஞ்சிலோ இடது தோளிலோ திடீர் வலி வந்தாலோ கருவியைத் தேடாதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.